ரெண்டு விரக்கடை

நீங்க கேட்டதுக்கு உள்ளதச் சொல்லிடறேன்க்கா. இந்த ரயில்ல மெட்ராசுக்கு நான் வேடிக்கை பாக்கவும் போகல, விசேசத்துக்கும் போகல. ஒருத்தியப் பாக்கப் போறேன். பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவ்வளவுதான்.

இல்லல்ல, கடன்கிடன் ஒண்ணும் இல்ல. வேற.

நான் வேலை பாக்குற காலேஜுக்கு ஒரு விருந்தாளி வர்றா. கானா நாட்டுக்காரி. அங்க பெரிய புரொபசர். மெட்ராஸ்ல ஏதோ கருத்தரங்காம், முடிஞ்சதும் எங்க காலேஜுக்கு வந்து பேசுறேன்னு அவளே கேட்டு எழுதியிருக்கா. எங்க பிரின்சிபல் கூப்பிட்டு, “உங்க கூடப் படிச்சவங்களாமே மேடம், கார் அனுப்பிரவா?”ன்னார். நான்தான், “வேணாம் சார், நானே போய்க் கூட்டிட்டு வாரேன்”னுட்டேன். ஆசையில இல்லக்கா. பன்னெண்டு வருசமா அவ கூட நான் ஒரு வார்த்தை பேசல. கேள்விய நேர்ல கேக்கணும்ல, அதுக்குத்தான்.

எனக்குப் பொய் சொல்றவங்களக் கண்டா ஆகாது. எதுக்குச் சொன்னாங்க, ஏன் சொன்னாங்கன்னெல்லாம் பாக்கமாட்டேன். பொய்யின்னா பொய்தான். அதுவும் தண்ணி விசயத்துல பொய் சொன்னா விடவே மாட்டேன். நான் சாத்தூர்க்காரிக்கா. சங்கரேஸ்வரி. எங்க தெருவுக்கு லாரியிலதான் தண்ணி வரும். வீட்டுக்கு இத்தன குடம்னு கணக்கு. எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவா, நான்தான் வரிசையில நிப்பேன். குடம் கழுத்து வரைக்கும் நெறஞ்சாத்தான் நகருவேன். “ஏட்டி, அளவுக்காரி வந்துட்டா”ன்னு லாரிக்காரரே சிரிப்பாரு. தண்ணியப் பத்திப் படிக்கணும்னு எனக்குத் தோணுனதே அந்த வரிசையிலதான். படிச்சேன். எம்.டெக் முடிச்சதும் ஸ்காலர்ஷிப் கெடச்சுச்சு. ஒரு வருசம் ஸ்லோவேனியாவுல படிக்கலாம், டிக்கெட்லருந்து சாப்பாடு வரைக்கும் அவங்க செலவு.

உங்களுக்கு மட்டுமா தெரியாது? எனக்கே தெரியாது. மேப்புல தேடித்தான் கண்டுபிடிச்சேன். இத்தாலிக்குப் பக்கத்துல, நம்ம தென்மாவட்டம் நாலஞ்சச் சேத்து வச்சா அவ்வளவுதான் நாடே. ஆனா தண்ணி இருக்கு பாருங்க, அடடா. அங்க மலையெல்லாம் சுண்ணாம்புப் பாறை. ஆறு ஓடிட்டே இருக்கும், திடீர்னு தரைக்குள்ள புகுந்து காணாமப் போயிரும். போயி, ரெண்டு மலை தாண்டி வேற பேர்ல வெளிய வரும். உள்ள எந்த வழியாப் போச்சுன்னு கண்டுபிடிக்கணும். ஒரு பக்கம் பச்சைச் சாயத்தக் கரைச்சு விட்டுட்டு, குகைக்குள்ள போய், எங்கெங்க பச்சை தெரியுதுன்னு தண்ணிய மொண்டு எடுத்துப் பாக்குறது. அதான் படிப்பு. லாரித் தண்ணிக்கு நின்னவளுக்கு ஆத்தத் தேடுற வேலை. எப்படி இருந்திருக்கும் எனக்கு!

ரூமுக்குள்ள போறேன், கட்டில்ல ஒருத்தி இருக்கா. நல்ல உயரம். தலையில மஞ்சத் துணி சுத்தியிருக்கா. அவளும் அன்னைக்குத்தான் வந்திருக்கா, அவளுக்கும் ஸ்காலர்ஷிப்தான். “எஃபுவா”ன்னா. நான் “சங்கரேஸ்வரி”ன்னேன். ரெண்டு தடவ சொல்லிப் பாத்தா. மூணாவது தடவ “சங்கா”ன்னா. அன்னைலருந்து நான் சங்கா.

எடுத்த எடுப்புலயே எனக்குப் புரிஞ்சிருக்கணும்க்கா. பனி கொட்டும், அவ பல்லு தந்தியடிக்கும், “குளிருதா எஃபுவா?”ன்னா, “சேச்சே, இல்லவே இல்ல”ம்பா. அந்த ஊர்ல புளிச்ச முட்டைக்கோசு ஒண்ணு குடுப்பாங்க, வாயில வைக்க முடியாது. பரிமாறுற அம்மாகிட்ட, “எங்க அம்மா சமையல் மாதிரியே இருக்கு”ம்பா. அந்தம்மா இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்ரும். இவ கண்ணுல தண்ணி நிக்கும், தின்னுருவா. வாயில வர்றது ஒண்ணும் நெசம் கெடையாது.

நானா? நான் எங்கம்மாட்ட, தெனமும் சோறு, ரசம், ஹீட்டர் போட்டாங்க, வேர்க்குதுன்னு சொல்லுவேன். அது வேறக்கா. உள்ளதச் சொன்னா எங்கம்மா தீப்பெட்டி ஆபீசுல உக்காந்து அழுதுரும். பாவம்ல.

ஆனா ஒண்ணு. படிக்க, சாப்பிட, ஊர் சுத்த எல்லாத்துக்கும் நாங்க ரெண்டு பேரும்தான். லீவு விட்டா பஸ் ஏறிருவோம். ஒரு தடவ ட்ரியெஸ்தேன்னு ஒரு கடற்கரை ஊரு, பக்கத்து நாடு, அங்க போனோம். எல்லாரும் படகுல ஏறுறாங்க, நானும் ஏறுறேன். இவ ஏறமாட்டேங்கா. கால நனைக்கவே மாட்டேங்கா. சின்னதுல அவ அண்ணன் ஒருத்தன் ஏரியில மூழ்கிப் போயிட்டானாம். அத அன்னைக்குத்தான் சொன்னா. கரையில எங்க செருப்பு, பை எல்லாத்தையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. படகு போயி வர்ற வரைக்கும் எந்திரிக்கல. தண்ணியப் படிக்க வந்தவ தண்ணிக்குப் பயப்படுறாளேன்னு நான் கேலி பண்ணுனேன். அவளும் சிரிச்சா.

நான் அப்படியில்ல. எங்கம்மா பொறந்த ஊர்ல தோட்டக் கிணறு. மேல இருந்து குதிச்சேன்னா அடி மண்ணத் தொட்டு எடுத்துட்டுத்தான் வருவேன். முங்கு நீச்சல்ல பயலுக எல்லாம் எனக்குப் பின்னாடிதான். இத எதுக்குச் சொல்றேன்னா, பின்னால நடந்தத நீங்க கேக்கையில இது ஞாபகம் இருக்கணும்.

டீ சாப்பிடுறீங்களா? தம்பி, ரெண்டு டீ. ஒண்ணுல சீனி கம்மி. இந்தாங்கக்கா, பிடிங்க, சூடு.

பனி உருகுற மாசம். மத்யாஷ்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், அந்த ஊர்க்காரர்தான், எங்களுக்கு வழி காட்டுறவர். நல்ல மனுசன். எங்க ரெண்டு பேரையும் ஒரு குகைக்குக் கூட்டிட்டுப் போனார். வெளிய நல்ல வெயிலு. தலையில விளக்கு வச்ச தொப்பி, ரப்பர் பூட்சு, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே உடுப்பு. முதல்ல பெரிய மண்டபம் மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு சந்து. தவழ்ந்துதான் போகணும். அந்தச் சந்தத் தாண்டுனா உள்ள இன்னொரு அறை, அதுல ஓடை மாதிரி தண்ணி போகும். கணுக்கால் அளவுதான். அங்கதான் எங்க வேலை. எஃபுவா அளவு போட்ட கம்பு ஒண்ணக் கொண்டு போயி, ஓடை திரும்புற மூலையில பாறை இடுக்குல நட்டா. நான் தண்ணிய மொண்டு மொண்டு குப்பியில அடைச்சேன். குப்பி தீந்து போச்சு. மத்யாஷ், “இன்னொரு பை சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன், ரெண்டு பேரும் இங்கயே இருங்க”ன்னுட்டுப் போனார்.

முதல்ல நின்னது காத்துக்கா.

அது வரைக்கும் அந்தச் சந்து வழியா எங்க பிடரியில ஜில்லுன்னு காத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. பழகிப் போனதுனால தெரியல. அது பட்டுனு நின்னப்பத்தான், இவ்வளவு நேரம் அடிச்சுதேன்னு தெரியுது. நான் எஃபுவாவப் பாக்குறேன், எஃபுவா என்னையப் பாக்குறா. அப்புறம் சத்தம் வந்துச்சு. லாரி தூரத்துல மேடு ஏறுற மாதிரி. கணுக்கால்ல இருந்த தண்ணி முட்டிக்கு வருது. செம்மண் கலர். சுள்ளியும் எலையும் சேத்து அடிச்சுட்டு வருது.

எங்கயோ மேல மலையில மழை கொட்டியிருக்கு. இங்க வெயிலு. யாருக்குத் தெரியும்?

நான் சந்துக்கு ஓடுனேன். சந்து வாயே இல்ல. தண்ணி மூடிருச்சு. மத்யாஷ் அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். கத்துனேன். எங்க கேக்கும்? நான் பூட்சக் கழட்டிட்டேன். “எஃபுவா, நான் முங்கி அந்தப் பக்கம் போயி ஆளக் கூட்டிட்டு வாரேன். சின்னச் சந்துதான், ஒரு மூச்சுல போயிரலாம்”னேன். “வேண்டாம்”னா. “எனக்கு நீச்சல் தெரியும், ஒனக்குத்தான் தெரியாது, நீ இங்க இரு”ன்னுட்டு இடுப்பளவு தண்ணியில எறங்கிட்டேன். எறங்குனா, இழுக்குதுக்கா. கிணத்துத் தண்ணி அப்படி இழுக்காது. இருந்தாலும் நான் மூச்சப் பிடிச்சுட்டேன், தலைய உள்ள விடப் போறேன், பின்னாடி இருந்து என் சடையப் பிடிச்சு ஒரே இழுப்பு!

சத்தியமாச் சொல்றேன், என்னை எங்கம்மா கூட அப்படி இழுத்தது கெடையாது. மல்லாக்க விழுந்து, கால் பாறை இடுக்குல மாட்டி, கணுக்கால் திருகிருச்சு. தொப்பி தண்ணியோட போயிருச்சு, விளக்கும் போச்சு. வலியில அலறுறேன். அவ காதுலயே வாங்கல. என்னைத் தோள்ல தூக்கிப் போட்டுட்டு அறையோட பக்கவாட்டுல மேல ஏறுறா. அங்க ஒரு திட்டு மாதிரி பாறை. ரெண்டு பேர் உக்காரலாம், படுக்க முடியாது. என்னைச் சுவத்துல சாய்ச்சு வச்சா. பையில மடிச்சு வச்சிருந்த பளபளப்புத் தாள் போர்வையப் பிரிச்சு என் மேல போட்டா.

“நீ யாருடி என்னையத் தடுக்க? இந்நேரம் அந்தப் பக்கம் போயிருப்பேன்”னு கத்துறேன். தமிழ்லயே கத்துறேன். அவ அவ பாஷையில ஏதோ சொல்றா. அப்புறம் இங்கிலீஷ்ல, “சங்கா, இங்கயே இரு. நான் போயித் தண்ணி எறங்குதா ஏறுதான்னு பாத்துட்டு வாரேன். கம்பு இருக்குல்ல”ன்னா.

விளக்கு அவ தலையில. அவ எறங்கிப் போனா எனக்கு இருட்டு. நம்ம ஊர் இருட்டு இல்லக்கா அது. கண்ணத் தொறந்திருக்கோமா மூடியிருக்கோமான்னே தெரியாது. கைய மூஞ்சிக்கு நேரா வச்சாலும் கை இல்ல. சத்தம் மட்டும்தான். நான் பிள்ளையாருக்குத் தேங்கா, மாரியம்மனுக்கு மொட்டைன்னு வேண்டிக்கிட்டே இருக்கேன். கம்பு நட்ட மூலைக்கு அந்தப் பக்கமாத் திரும்பிப் போகணும், அவ வெளிச்சம் கூட எனக்குத் தெரியாது.

ரொம்ப நேரங்கழிச்சு வெளிச்சம் வந்துச்சு. மேல ஏறி வந்தா. “சங்கா, நல்ல சேதி. ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு”ன்னா.

விரக்கடைங்கிறது, ஒரு விரல் அகலம், நான் சொல்லிக் குடுத்ததுதான். கம்புல பாக்கச் சோம்பலா இருந்தா விரல வச்சு அளப்பேன், அவளும் பிடிச்சுக்கிட்டா. எனக்கு உசிரு வந்துச்சு. “நல்லாப் பாத்தியா?”ன்னேன். “நல்லாப் பாத்தேன்”னா.

அப்புறம் இப்படியே போகுது. பக்கத்துல உக்காந்திருப்பா. என்னையப் பேச வைப்பா. “உங்க தெருவுல லாரி வந்தா முதல்ல யார் நிப்பா? அடுத்து யாரு?”ன்னு கேப்பா. நான் வரிசையா ஆளுகளச் சொல்லணும். பேச்சியம்மா, அடுத்து டெய்லர் வீட்டு அத்தை, அடுத்து நான்னு. நடுவுல ஒரு ஆள விட்டுட்டேன்னா, “இல்லையே, அன்னைக்கு வேற மாதிரி சொன்னியே”ம்பா. எங்கம்மா அனுப்புன கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் பையில கெடந்துச்சு. “நீ தின்னு, எனக்குப் பசிக்கல”ன்னா. திடீர்னு எந்திரிச்சு, “பாத்துட்டு வந்துடறேன்”னு போயிருவா. எனக்கு மறுபடி இருட்டு. வருவா. “மூணு விரக்கடை.” இன்னொரு தடவ, “ஒண்ணுதான், ஆனா எறங்குது.”

நான் சும்மா இருப்பேனா? கணக்குப் போட்டேன். மொத தடவ ரெண்டு, அடுத்து மூணு, அப்புறம் ஒண்ணு. இந்த வேகத்துல போனா சந்து வாய் எப்பத் தொறக்கும்னு மனசுக்குள்ளயே போட்டேன். போட்டு, சரி, முங்க வேண்டாம், காத்திருக்கலாம்னு முடிவு பண்ணுனேன். பாருங்க, அந்த இருட்டுலயும் நான் அறிவாத்தான் முடிவு எடுத்தேன். யார் சொல்லியும் இருக்கல. கணக்கு சொல்லுச்சு, இருந்தேன்.

“சத்தம் கூடுற மாதிரி இருக்கே”ன்னு ஒரு தடவ கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? “தண்ணி எறங்கையில பாறை வெளிய தெரியும்ல, அதுல மோதிச் சத்தம் கூடும்”னா. நான் எம்.டெக். அதையும் நம்புனேன். இன்னொரு தடவ அவ வரும்போது உடுப்பெல்லாம் தொடைக்கு மேல ஈரம். கேட்டேன். “வழுக்கி விழுந்துட்டேன்”னா.

கடைசியா ஒரு தடவ போயிட்டு ரொம்ப நேரம் வரல. நான் கூப்பிடுறேன். “எஃபுவா… எஃபுவா…” சத்தமே இல்ல. தவழ்ந்து எறங்கலாம்னு பாக்குறேன், கால் ஊன முடியல. எந்தப் பக்கம் பள்ளம்னும் தெரியல. “ஏய் எஃபுவா, வாடி, எனக்குப் பயமா இருக்குடி”ன்னு கத்துனேன். அப்பத்தான் வந்தா. என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவ ஒடம்பு பனிக்கட்டி மாதிரி சில்லுனு இருக்கு. “நாலு விரக்கடை, சங்கா. நாலு”ன்னா. அதுக்கப்புறம் அவ போகல. தாள் போர்வைக்குள்ள ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுக் கெடந்தோம். விளக்கும் மங்கி மங்கி அணைஞ்சு போச்சு.

நீங்க ஏன்க்கா டீயக் கையிலயே வச்சிருக்கீங்க? ஆறிப் போச்சு பாருங்க. நான்தான் உயிரோட முன்னால உக்காந்திருக்கேனே!

வந்தாங்க. தூரத்துல வெளிச்சம், ஆளுக சத்தம். தண்ணி நெசமாவே வடிஞ்சு, சந்துல தலைய நீட்டுற அளவுக்கு எடம் விட்டதும் கயிறு பிடிச்சு வந்துட்டாங்க. மீட்பு ஆளுகளோட மத்யாஷும் வந்தார். எங்களப் பாத்ததும் அந்த மனுசன் முட்டி போட்டு உக்காந்துட்டார். வெளிய தூக்கிட்டு வந்தா காலை வெயிலு. முந்தின நாள் காலையில உள்ள போனவங்க.

இதுல என்ன கோவம்னு கேக்கீங்களா? இருங்க, அங்கதான் வாரேன்.

என்னையக் கயித்துல கட்டி அந்தத் திட்டுல இருந்து எறக்குறாங்க பாருங்க, அப்பப் பெரிய விளக்கு அடிச்சாங்க. சுவத்துல புதுச் சேறு. ஒரு கோடு போட்ட மாதிரி, அது வரைக்கும் தண்ணி நின்ன தடம். எங்க நின்னுருக்கு தெரியுமா? நாங்க உக்காந்திருந்த எடத்துக்குக் கீழ, என் கையத் தொங்கப் போட்டாத் தொட்டுரலாம், அந்த ஒசரத்துல. அவ சொன்னப்பத் தண்ணி எறங்கவே இல்லக்கா! ஏறியிருக்கு. அவ ரெண்டு, மூணுன்னு சொல்லச் சொல்ல, ஏறிக்கிட்டே இருந்திருக்கு!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு அளவ எடுக்கப் போனவ, அதத் தலைகீழாச் சொல்லியிருக்கா. நான் அத வச்சுக் கணக்குப் போட்டு முடிவு எடுத்திருக்கேன். உசிர் விசயம்! ஏறுதுன்னு சொல்லியிருந்தா நான் முங்கிப் போயிருப்பேன்ல?

மத்யாஷ் சொன்னார், “அந்தச் சந்துல மரக்கட்டையெல்லாம் வந்து அடைச்சுக் கெடந்துச்சு, மூச்சுக் கருவி மாட்டுன ரெண்டு ஆளுக எறங்கிப் பாத்துட்டு, முடியாதுன்னு திரும்பிட்டாங்க”ன்னு. அவங்களுக்கு என்னக்கா, அவங்க கிணத்துலயா பழகுனாங்க? நான் போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்குக் கால்ல கட்டு, அவளுக்குக் குளிர் காய்ச்சல். நான் நேராவே கேட்டேன். “ஏன் பொய் சொன்ன?” அவ சிரிச்சா. “நீ தண்ணியில குதிக்கல இல்ல?”ன்னா. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ பாக்கும்போது நெசமா எவ்வளவு இருந்துச்சு? எவ்வளவு ஏறியிருந்துச்சு?”ன்னேன். அவ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

அவ்வளவுதான். நான் பேசுறத விட்டுட்டேன். ஹாஸ்டல்ல ரூம மாத்திக்கிட்டேன். அவ வந்து கதவத் தட்டுவா. தொறக்கமாட்டேன். வேர்க்கடலைக் கொழம்பு ஒண்ணு வைப்பா அவ, எனக்கு ரொம்பப் பிடிக்கும், கிண்ணத்துல மூடி கதவடியில வச்சிட்டுப் போவா. அத எடுத்துச் சாப்பிடுவேன், சாப்பாட்ட வீணாக்கக் கூடாதுல்ல. கழுவி அவ கதவடியில வச்சிருவேன். ஆனா பேசமாட்டேன். வருசம் முடிஞ்சுச்சு. ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தா. தூரத்துலயே நின்னா. நானும் பாக்காத மாதிரிப் போயிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புறா, எப்படித்தான் தேதிய ஞாபகம் வச்சிருக்காளோ. நான் ஒண்ணுக்குக் கூடப் பதில் போடல. அழிக்கவும் இல்ல, கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.

இன்னைக்குக் கேக்காம விடமாட்டேன். அந்தக் கம்புல நெசமா என்ன அளவு இருந்துச்சு? அத மட்டும் அவ சொல்லிரட்டும்.

செங்கல்பட்டு தாண்டிருச்சா? உங்களுக்குத் தாம்பரம்தான? மகளுக்கு இது தலைப்பிரசவமா? ஒண்ணும் ஆகாதுக்கா, கவலைப்படாதீங்க. நல்லபடியா ஆகும். நான் சொல்றேன்ல.

இருங்க, போன் அடிக்குது. அவதான்க்கா. ஸ்டேசனுக்கு வந்துட்டாளோ என்னமோ. எடுக்கவா? எடுக்கத்தான செய்யணும். ஒரு நிமிசம்.

கேட்டுட்டேன்க்கா.

எக்மோர் போயிக் கேக்கணும்னுதான் இருந்தேன். அவ “சங்கா”ன்னு ஆரம்பிச்சதும் வாய்ல வந்துருச்சு. எப்படி இருக்கேன்னு கூடக் கேக்கல. “எஃபுவா, கம்புல என்ன அளவு இருந்துச்சு, சொல்லு”ன்னுட்டேன்.

அதுக்கு அவ சொல்றா: “கம்பே இல்ல சங்கா. மொத தடவ நான் எறங்கிப் போனப்பவே கம்பத் தண்ணி அடிச்சுட்டுப் போயிருந்துச்சு. நான் எதையுமே அளக்கல.”

நான், “அளக்கலையா? அப்புறம் எதுக்குடி மறுபடி மறுபடி கீழ போன? ஒனக்குத் தண்ணின்னாலே ஆகாதே”ன்னேன்.

“அழுறதுக்கு”ங்கிறா.

அழுறதுக்காம்க்கா! “உன் பக்கத்துல உக்காந்து அழுதா நீ கேட்டுருவ. கேட்டா நீ மறுபடி தண்ணியில எறங்கிருவ. அதான் அந்த மூலைக்குப் பின்னாடி போயி அழுதுட்டு வருவேன். அண்ணன நெனச்சு அழுவேன், எங்க அம்மாவ நெனச்சு அழுவேன். நீ மேல காத்துக்கிட்டு இருப்ப. போயிட்டு வெறுங்கையோட எப்படி வர்றது? அதான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரல், மூணு விரல்னு எதையாவது கொண்டு வந்தேன்”ங்கிறா.

கடைசியில ஏன் அவ்வளவு நேரம் வரலன்னு கேட்டேன். “அப்பத் தண்ணி இடுப்புக்கு மேல வந்துருச்சு. பாறையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கால் நகரவே மாட்டேன்னுச்சு. நீ பயமா இருக்குன்னு கத்துனியே, அதக் கேட்டுத்தான் ஏறி வந்தேன்”னா.

இல்லக்கா, ஒண்ணுமில்ல. தூசி. ஜன்னல் பக்கம் உக்காந்தா இப்படித்தான்.

“ஸ்டேசன் வாசல்லயே நில்லு, எங்கயும் போயிராத, வந்துடறேன்”னு மட்டும் சொன்னேன். வச்சிட்டா.

தாம்பரம் வருதுக்கா. பைய நான் எறக்கித் தாரேன், நீங்க மெதுவா எந்திரிங்க. இந்தப் படிக்கட்டு ஒசரம், பாத்து.

ஆனா ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கே நியாயமாப் படுதா? அழணும்னா என்கிட்ட அழுதிருக்கலாம்ல? அவ்வளவு குளிர்ல, நீச்சல் தெரியாதவ, இடுப்பளவு தண்ணியில தன்னந்தனியா நின்னு அழுதிருக்கா. நான் மேல கடலைமிட்டாய் தின்னுக்கிட்டு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு பேரும் சேந்து அழுதிருந்தா நான் என்ன அவளக் கடிச்சா தின்னுருவேன்?

இருக்கு அவளுக்கு. எறங்குன உடனே அதத்தான் கேக்கப் போறேன்.